பல் டாக்டர் கேட்ட விலாசம்

அன்புள்ள தண்டபாணிக்கு, அப்பா எழுதுவது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. உன் அம்மா அதைத் தபால்காரரிடமிருந்து வாங்கி, பிரிக்க விடாமல், உறையின் மேல் நீ எழுதியிருந்த நம் வீட்டு விலாசத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் உன் எழுத்து தெரியும். "அவன் கைதான்" என்று சொல்லி என்னிடம் நீட்டினாள். ஏறக்குறைய ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. அவள் ஏன் பேசாமல் இருந்தாள் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நீ உயிரோடு இருக்கிறாய், உடம்பில் காயம் இல்லை என்று தெரிந்த பிறகும், இங்கே எல்லாரும் சுகம் என்று வழக்கம்போல ஆரம்பிக்க எனக்குக் கை வரவில்லை.

இந்தக் கடிதத்தை இரண்டு பிரதியாக எழுதுகிறேன். ஒன்று டெல்லியில் உன் ஆபீசுக்குப் போய், அங்கிருந்து தூதரகத் தபால் பையில் பீக்கிங்குக்கு வரும். வழியில் யார் யாரோ பிரித்துப் படிப்பார்கள் என்று நீ முன்பே சொல்லியிருக்கிறாய். படிக்கட்டும். இன்னொன்றை நம் பிள்ளையார்பாளையம் வாசகசாலையில் நானே நின்று வாசிக்கப் போகிறேன். நான் செய்ததை ஊர் பார்க்கச் செய்தேன். உன் காதில் மட்டும் ரகசியமாக ஒப்புக்கொண்டால் அது பாதிதான். ஆனால் ஒன்று. இதில் வரும் ஒரு பெண்ணின் பெயரையும் அவள் இருக்கும் ஊரையும் இரண்டு பிரதியிலும் எழுதமாட்டேன். அவளுக்கு அங்கே கெடுதல் வரக்கூடாது. யார் என்று நீ படிக்கும்போதே உனக்குத் தெரிந்துவிடும்.

முதலில் பழைய கதை ஒன்று. உன்னைத் தறியில் உட்கார விடாமல் டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டுக்குத் துரத்தியவன் நான். உனக்கு எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் நல்ல மார்க் வந்ததும் எனக்குத் தலை கால் புரியவில்லை. நீ தறியே போதும் என்றாய். நம் தெருவிலேயே ஒருத்தனாவது மேஜை நாற்காலி வேலைக்குப் போகட்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். டெல்லியில் ஸ்டெனோ வேலை கிடைத்து, பிறகு பீக்கிங் தூதரகத்துக்குப் போகிறாயா என்று உன்னைக் கேட்டபோது நீ எனக்குத் தந்தி அடித்தாய். அம்மா வேண்டாம் என்றாள். நம்மோடு சண்டை போட்ட தேசம், அங்கே எதற்கு என்றாள். நான் அவளுக்குத் தெரியாமல் "போ" என்று பதில் தந்தி கொடுத்தேன். வாசகசாலையில் பேப்பர் படிக்கிறவர்களிடம் "என் பையன் பீக்கிங்குல இருக்கான்" என்று சொல்லிக்கொள்ள ஆசை. அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை. உன்னை அங்கே அனுப்பியது என் பெருமை. இதை அம்மாவிடம் இந்த மாதம்தான் சொன்னேன். அவள் காதில் வாங்கிக்கொண்ட மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

போன வருஷம் ஐப்பசி வாக்கில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை வைத்திருந்த சீனப் பல் டாக்டர் நம் வீடு தேடி வந்தார். உனக்கு அவரை நன்றாகத் தெரியும். பத்து வயதில் உன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும்போது நீ அவர் விரலைக் கடித்துவிட்டாய். "முதலியாரே, பல்லு நல்ல கெட்டியா இருக்குது, எதுக்குப் புடுங்கணும்?" என்று கை உதறிக்கொண்டே சிரித்த மனுஷர். சின்ன வயசிலேயே அப்பாவோடு இங்கே வந்து, நம் ஊரிலேயே நரைத்துப்போனவர். சீனா யுத்தத்துக்குப் பிறகு அவர் வாராவாரம் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், ஊரைத் தாண்ட வேண்டுமானால் அனுமதி வாங்க வேண்டும். அப்படிப்பட்டவர் எங்கள் வாசலில் வந்து, உள்ளே வரட்டுமா என்று கேட்டுவிட்டு நின்றார். "தம்பி பீக்கிங்குல நம்ம ஆபீஸ்ல இருக்குதுன்னு சொன்னாங்க. விலாசம் வேணும் முதலியாரே. ஒரு லெட்டர் எழுதணும்" என்றார்.

எனக்குச் சட்டென்று பயம் வந்தது. சீனாக்காரன் உனக்கு எழுதினான் என்று யாராவது கண்டுபிடித்தால் உன் வேலை என்ன ஆகும்? அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதை நான் நேராகச் சொல்லவில்லை. எதற்கு என்று கேட்கவும் இல்லை. "விலாசமெல்லாம் எனக்குத் தெரியாது டாக்டர், அவனே எழுதினாத்தான்" என்று பொய் சொன்னேன். உன் கடிதம் அப்போது என் பின்னால் தறியில், பாவு நூல் ஓடும் கழியிலேயே செருகியிருந்தது. அவர் அதைப் பார்த்தாரோ என்னவோ. "பரவாயில்லை, பரவாயில்லை" என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார்.

பிறகு இந்த ஆனி மாதம் வந்தது. டீக்கடை ரேடியோவில் காலை ஏழே கால் செய்தியில்தான் முதலில் கேட்டேன். நம் தூதரகத்து அதிகாரிகள் இருவரை உளவாளிகள் என்று சொல்லி வெளியேற்றினார்களாம். விமான நிலையத்தில் கூட்டம் அவர்களை அடித்ததாம். தூதரகத்தைச் சுற்றி வளைத்து யாரையும் வெளியே விடவில்லையாம். அந்தக் கோபத்தில் டெல்லியில் நம் ஆட்கள் அவர்களுடைய தூதரகத்துக்குள் புகுந்து அங்கிருந்தவர்களை அடித்தார்கள் என்றும் செய்தி வந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். நான் மட்டும் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தேன். நாம் அடித்த ஒவ்வொரு அடிக்கும் அங்கே உன்மேல் ஒன்று விழும் என்று தோன்றியது.

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. டெல்லிக்குத் தந்தி கொடுத்தேன், விசாரிக்கிறோம் என்று பதில் வந்தது. அம்மா விடிகாலையில் குளித்து ஈரப்புடவையோடு குமரகோட்டத்து முருகன் கோயிலுக்குப் போய்ச் சுற்றிவிட்டு வருவாள். வந்து தறியில் என் பக்கத்தில் கரை போட உட்காருவாள். கரையைத் தனி நூலில் கோத்து நெய்யும் கோர்வைச் சேலை என்றால் இரண்டு பேரும் சேர்ந்துதானே நெய்ய வேண்டும். நான் நூல் சுற்றிய நாடாவை வீசினால் அவள் கரை நாடாவை வாங்க மறந்து வெறுமனே உட்கார்ந்திருப்பாள். "அவன் இன்னா சாப்பிடுவான்? தண்ணியாவது உள்ள விடுவாங்களா?" என்பாள். எனக்கு என்ன தெரியும்? உன் ஆபீஸ் எப்படி இருக்கும், எத்தனை கதவு, எத்தனை ஜன்னல் என்றுகூட எனக்குத் தெரியாது. தெரியாததை எல்லாம் மனசே கட்டிக்கொண்டது, கட்டியதை எல்லாம் மனசே இடித்தது.

அந்தச் சமயத்தில்தான் வக்கீல் ராஜமாணிக்கம் வீட்டுக்கு வந்தார். அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதே. அவர் தம்பி சீனா யுத்தத்தில் பனிமலையில் செத்துப்போனவன், உடம்புகூட வரவில்லை. அவர் சொன்னார்: "அடிச்சவன் வீட்டு வாசல்ல நாம நாற்காலி போட்டு உட்கார்ந்துக்கினு இருக்கிறோம் முதலியாரே. எதுக்கு? வெட்கமா இல்ல? மொத்தமா உறவை முறிச்சிக்கினு வரணும். ஆபீஸை மூடிட்டா உங்க பையன் அடுத்த பிளேன்ல ஊருக்கு வந்துடுவான்." அவர் முன்னால் சொன்னதெல்லாம் எனக்கு ஏறவில்லை. கடைசியில் சொன்னது மட்டும் ஏறியது. அடுத்த பிளேன். சீனாவோடு உறவு வைத்துக்கொள்வது நல்லதா கெட்டதா என்று ஒரு நிமிஷம்கூட நான் யோசிக்கவில்லை. உறவை முறிக்க வேண்டும் என்று டெல்லிக்கு எழுதிய மகஜரில் முதல் கையெழுத்து என்னுடையது. என் பெயருக்குக் கீழே நம் தெரு முழுக்கப் போட்டது. பிறகு பக்கத்துத் தெருக்கள். அவனே போட்டிருக்கிறான், மகன் அங்கே இருக்கிறவனே போட்டிருக்கிறான் என்று சொல்லிச் சொல்லித்தான் வாங்கினார்கள்.

முறித்துக்கொள்வது எனக்குப் புதிதும் அல்ல. உன் பெரியப்பாவோடு ஒரு சுவர்த் தகராறில் பேச்சை நிறுத்தி ஒன்பது வருஷம் இருந்தவன் நான். அவர் காய்ச்சலில் கிடந்தது எனக்குத் தெரியாது. ஒரே தெருவில் இருந்துகொண்டு, சாவுப் பறை அடித்த பிறகுதான் தெரிந்தது. "பெரியப்பாவுக்கு உடம்பு சரியில்லைன்னு நமக்கு யாருமே சொல்லலியாப்பா?" என்று நீ அன்றைக்குக் கேட்டாய். சொல்ல ஆளே வராதபடி நான்தான் செய்திருந்தேன். மகஜரில் கையெழுத்துப் போட்டபோது அந்தக் கேள்வி ஞாபகத்துக்கு வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

தேரடியில் சாயங்காலம் கூட்டம் போட்டார்கள். என்னை மேடையில் ஏற்றி மாலை போட்டார்கள். நான் எந்த மேடையிலும் ஏறியவன் அல்ல. இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கலாம் என்றுதான் நினைத்தேன். "என் புள்ள அங்க மாட்டிக்கினு இருக்கான், அவனை எப்படியாவது வரவழைச்சிக் குடுங்க" என்று சொன்னேன். குரல் உடைந்துவிட்டது. அத்தனை பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். இரண்டு வாரமாக யாரும் கேட்காத என் பயத்தை இவர்கள் கேட்கிறார்கள் என்று தோன்றியதும் எனக்குள் என்னவோ ஆகிவிட்டது. அதற்குப் பிறகு நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மாற்றி எழுதினால் இந்தக் கடிதத்துக்கே அர்த்தம் இல்லை. "என் புள்ள அங்க சோறு தண்ணி இல்லாம கெடக்கறான். இங்க நம்ம ஊர்லயே ஒரு சீனாக்காரன் கடை போட்டு உட்கார்ந்து நம்ம சோத்தைத் தின்னுக்கினு இருக்கான். என் வீட்டுக்கே வந்து என் புள்ள விலாசம் கேட்டான்! எதுக்குக் கேட்டான்? நீங்களே சொல்லுங்க, எதுக்குக் கேட்டான்?"

நான் கேள்வி கேட்டேன். கூட்டம் பதில் சொல்லப் போய்விட்டது. ராஜமாணிக்கம் மைக்கைப் பிடுங்கி, உட்காருங்க, உட்காருங்க என்று கத்தினார். யாரும் கேட்கவில்லை. நான் மேடையிலிருந்து இறங்கி, மாலையோடு, செருப்பில்லாமல் பின்னாலேயே ஓடினேன். தடுக்க ஓடினேன் என்று உனக்கு எழுத ஆசையாக இருக்கிறது. ஏன் ஓடினேன் என்று இன்னும் எனக்கே தெரியவில்லை.

நான் போய்ச் சேர்வதற்குள் பல் பிடுங்கும் மர நாற்காலியை ரோட்டில் இழுத்துப் போட்டு நெருப்பு வைத்துவிட்டார்கள். கண்ணாடி அலமாரி நொறுங்கிக் கிடந்தது. பல் செட்டுக்காகச் சுண்ணாம்பு மாவில் அச்செடுத்து வைத்திருந்த பல் வரிசைகள் சாக்கடை ஓரத்தில் உருண்டு கிடந்தன. எல்லாம் நம் ஊர்க்காரர்களுடைய வாய்கள். டாக்டரும் அவர் மனைவியும் கடைக்குப் பின்னால் இருந்த குடித்தன அறைக்குள் போய்த் தாழ் போட்டிருந்தார்கள். அந்தக் கதவை நாலைந்து பேர் உதைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் தெரிந்த முகங்கள்.

அப்போதுதான் உன் அம்மா வந்தாள். காய்கறி வாங்கக் கடைத்தெருவுக்கு வந்தவள் சத்தம் கேட்டு வந்திருக்கிறாள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அந்தக் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றாள். உதைத்த ஒருத்தன் கால் அவள் இடுப்பில் பட்டது. அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. "என் புள்ளையும் இப்படித்தான்டா அங்க ஒரு கதவுக்குப் பின்னாடி நின்னுக்கினு இருக்கான்! நீங்க இங்க இந்தக் கதவை ஒடைச்சா அங்க அந்தக் கதவை ஒடைப்பாங்கடா! என் புள்ளையக் கொல்லாதீங்கடா, பாவிங்களா!"

டாக்டர்மேல் இரக்கப்பட்டு அவள் அங்கே நிற்கவில்லை. அதை அவளே பிறகு சொன்னாள். உன்னைக் காப்பாற்ற நின்றாள். அந்தக் கதவும் உன் கதவும் அவளுக்கு ஒன்றாகத் தெரிந்தன. ஆனால் உதைத்த கால்கள் நின்றன. ஒருத்தன், "உங்க வீட்டுக்காரருதாம்மா மேடையில சொன்னாரு" என்றான். அவள் திரும்பினாள். கூட்டத்துக்குள் நான் மாலையோடு நிற்பதைப் பார்த்தாள். அன்றிலிருந்து உன் கடிதம் வரும்வரை என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தறியில் மட்டும் பக்கத்தில் உட்காருவாள். கரை நாடா போகும், வரும். சமைத்ததை எடுத்து வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள்.

போலீஸ் வந்து டாக்டரையும் மனைவியையும் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனது. பாதுகாப்புக்கு என்றார்கள். மறுநாள் காலை நான் அங்கே போய் இன்ஸ்பெக்டரிடம், "நான்தான் பேசினேன், என்னை உள்ள வையுங்க" என்றேன். அவர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கி, "போய் வேலையைப் பாருங்க பெரியவரே. புள்ளையைப் பிரிஞ்ச கவலையில ஏதோ பேசிட்டீங்க" என்றார். அந்த மன்னிப்பு எனக்கு உதை மாதிரி இருந்தது.

டாக்டர் பின்கட்டில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் அவர் முன்னால் போய் நின்றேன். கும்பிடத்தான் கை வந்தது. அவர் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். உட்கார்ந்தேன். பிறகு, "உங்க வீட்டம்மாவுக்கு அடி பட்டுச்சா?" என்று கேட்டார்.

"பட்டது" என்றேன்.

"எதுக்கு விலாசம் கேட்டேன்னு அன்னிக்கே முழுசா சொல்லியிருக்கணும். என் மேலயும் தப்பு இருக்குது" என்றார். என் கண்ணில் நீர் வந்துவிட்டது, தண்டபாணி. தப்பு அவர்மேலாம்.

அவர் சொன்னதைச் சுருக்கமாக எழுதுகிறேன். அவருடைய மகள் உனக்கு இரண்டு வகுப்பு கீழே நம் பள்ளியில் படித்தவள். இப்போது யார் என்று தெரிந்திருக்கும். அசாமில் செருப்புக்கடை வைத்திருந்த ஒரு சீனக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார். யுத்தம் வந்ததும் அந்தக் குடும்பத்தை அப்படியே பிடித்து வடக்கே பாலைவனத்தில் ஒரு முகாமில் அடைத்தார்கள். சில மாதம் கழித்து, விருப்பம் உள்ளவர்களைக் கூட்டிப்போகச் சீனாக் கப்பல் மெட்ராசுக்கு வந்தது. புருஷன் வீட்டார் போகிறோம் என்றார்கள். அவள் வயிற்றில் ஆறு மாதம். அவளும் ஏறினாள். "மெட்ராஸ் இங்கேர்ந்து எவ்ளோ தூரம்? காலையில கிளம்பினா மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிடலாம். போய்ப் பார்த்துட்டு வரேன்னு பர்மிஷன் கேட்டேன். கப்பல் போன மறுநாள் பர்மிஷன் வந்துது" என்றார்.

அவளிடமிருந்து இரண்டே கடிதம் வந்ததாம். இரண்டும் தமிழில். அவளுக்குச் சீன எழுத்து தெரியாது. இரண்டாவது கடிதத்தில், இங்கே என்னை இந்தியாக்காரி என்று சொல்லி ஒதுக்குகிறார்கள், புருஷனை எங்கேயோ வேலைக்கு அனுப்பிவிட்டார்கள், குழந்தைக்கு அடிக்கடி உடம்புக்கு வருகிறது, திரும்பி வர வழி இருக்கிறதா என்று கேட்டிருந்தாளாம். டாக்டர் கடைசியில் சொன்னதுதான் என்னை உட்காரவிடவில்லை. "பீக்கிங்குல நம்ம ஆபீஸ் ஒண்ணு இருக்குதாமே, அங்க போய்க் கேக்கலாமான்னு எழுதியிருந்தா முதலியாரே. நம்ம ஆபீஸ்னு எழுதியிருந்தா. எனக்குச் சீனா சொந்தமில்ல, இந்தியாவும் சொந்தமில்லன்னு சொல்லிட்டாங்க. அவளுக்கு அந்த ஆபீஸ் ஒண்ணுதான் இருக்குது. அதையும் மூடச் சொல்லி நீங்க எழுதிப் போட்டீங்களாம். நெஜமா?"

நிஜம் என்று சொன்னேன்.

அங்கிருந்து நேராக ராஜமாணிக்கம் வீட்டுக்குப் போனேன். மகஜரைத் திருப்பிக் கொடுங்கள், என் கையெழுத்தையாவது அடித்துக் கொடுங்கள் என்று கேட்டேன். அது தபாலில் போய் நாலு நாள் ஆகிவிட்டது என்றார். அவரும் அன்று நொந்துபோய்த்தான் இருந்தார், கடையை அடித்து நொறுக்கியதை அவர் எதிர்பார்க்கவில்லை. ஆனால் மகஜர் விஷயத்தில் இறங்கி வரவில்லை. "ஒரு பொண்ணுக்காக ஒரு தேசம் மானத்தை விட முடியுமா?" என்றார். எனக்கு வாதம் பண்ணத் தெரியாது. அந்த ஆபீசைத் திறந்து வைத்திருப்பதால் நாம் அவர்களுடைய அட்டூழியத்துக்குத் தலையாட்டுகிறோம் என்று அர்த்தமா? அப்படியானால் அடித்தவனிடம் நியாயம் கேட்க யார் வழியாகப் போவது? அவர்கள் ஆட்சியில் வாய் திறந்தவனுக்கு என்ன நடக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படிப்பட்ட இடத்தில் மாட்டிக்கொண்டவளுக்கு, போய்த் தட்ட ஒரு கதவுகூட இல்லாமல் செய்துவிட்டு, மானம் என்று எப்படிச் சொல்வது? இதெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகு தோன்றியது. அங்கே நின்றபோது, "என் கையெழுத்தை மட்டும்..." என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவ்வளவுதான் வந்தது.

டெல்லிக்கு ஒரு கார்டு எழுதினேன். மகஜரில் முதல் பெயர் என்னுடையது, அது பயத்தில் போட்டது, அதை அடித்துவிடவும் என்று. பதில் இல்லை. இன்னொன்று எழுதினேன். அதற்கும் இல்லை.

டாக்டர் மறுபடி கடை திறக்கவில்லை. கல்கத்தாவில் மனைவியின் அண்ணன் இருக்கிறாராம், அங்கே போக அனுமதி வாங்கிக்கொண்டார். கிளம்பிய அன்று நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். உன் அம்மா எனக்கு முன்பே அங்கே நின்றாள். டாக்டர் மனைவி அவள் இடுப்பைத் தொட்டுப் பார்த்து ஏதோ கேட்டாள். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பஸ் ஏறும் முன் டாக்டர் மகளின் விலாசத்தைச் சீனத்திலும் தமிழிலும் எழுதிய சீட்டு ஒன்றை என்னிடம் கொடுத்தார். "தம்பிக்கு ஆபத்துன்னா வேணாம். கிழிச்சிப் போட்டுடுங்க" என்றார். நாற்பது வருஷம் இந்த ஊரில் இருந்தவரை வழியனுப்ப நாங்கள் இரண்டே பேர்தான்.

அதற்குப் பிறகு நாள்கள் எப்படிப் போயின என்று சொல்லத் தெரியவில்லை. ரேடியோவில் உறவை முறிக்கப் போகிறார்கள் என்று ஒரு நாள் பேச்சு வரும். தறியை விட்டு எழுந்துவிடுவேன். முறிக்கமாட்டார்கள் என்று மறுநாள் வரும். அப்போதும் எழுந்துவிடுவேன். முறித்தால் நீ வருவாய், டாக்டரின் மகள் தொலைந்துபோவாள். முறிக்காவிட்டால் நீ அந்தக் கதவுக்குப் பின்னாலேயே கிடப்பாய். எதற்காகச் சாமி கும்பிடுவது என்று தெரியாமல் குமரகோட்டத்து வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். ஒரு மனுஷனுக்கு வேண்டிக்கொள்ளக்கூட வழி இல்லாமல் போகும் என்று நான் நினைத்ததே இல்லை.

பிறகுதான் உன் கடிதம் வந்தது. ஜன்னல் எல்லாம் உடைந்ததையும், ஒலிபெருக்கிச் சத்தத்தில் மேஜைக்கு அடியில் படுத்துக் கிடந்ததையும், அரிசியை அளந்து அளந்து பொங்கியதையும் எழுதியிருக்கிறாய். குடும்பங்களை எல்லாம் அனுப்பிவிட்டார்கள், நீயும் போகிறாயா என்று கேட்டார்கள், கொஞ்ச பேராவது இருந்தால்தான் ஆபீஸ் நடக்கும் என்று நான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் என்றும் எழுதியிருக்கிறாய். கோபமா? உன்னைக் கோபித்துக்கொள்ள நான் யார்? நீ அங்கே அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற நாளில்தான் நான் இங்கே அதை மூடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தேன்.

எனக்கு வயதாகிவிட்டது. புத்தி சொல்லும் தகுதியும் போய்விட்டது. ஆனாலும் அப்பன் என்பதால் ஒன்று சொல்கிறேன். பயந்திருக்கும்போது எதிலும் கையெழுத்துப் போடாதே. அப்போது யாராவது உன் பயத்தைப் பொறுமையாகக் கேட்டால், அவர்கள் எதற்காகக் கேட்கிறார்கள் என்று ஒரு தரம் யோசி. அந்தச் சீட்டைத் தனி உறையில் வைத்திருக்கிறேன். அதை உன் மேலதிகாரியிடம் காட்டி, அவர் சரி என்றால் மட்டும் செய். அவளுக்கும் ஆபத்து வராமல் எப்படி விசாரிப்பது என்று உங்களுக்குத்தான் தெரியும். திருட்டுத்தனமாகச் செய்யாதே. செய்யாமலும் இருந்துவிடாதே. வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. இரு என்று சொல்லவும் வரவில்லை.

நேற்று இதுவரை எழுதி நிறுத்தினேன். இன்று காலை வாசகசாலையில் படித்தேன். பாதியில் சிலர் எழுந்து போனார்கள். கதவை உதைத்தவர்களில் ஒருத்தன் தலையைக் குனிந்துகொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தான். இன்னொருத்தன், "சீனாக்காரனுக்கு வக்காலத்து வாங்க வந்துட்டாரு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனான். ராஜமாணிக்கமும் வந்திருந்தார். முடித்ததும் என் கிட்டே வந்து, மெதுவாக, "உங்களுக்கு லெட்டர் வந்துது முதலியாரே. எனக்கு என் தம்பிகிட்டேர்ந்து வரவே வராது" என்றார். அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் கையைத் தட்டிவிடவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்கும் முழுதும் படித்துக் காட்டினேன். நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். கடைசியில் அவள் சார்பாக என்ன எழுதட்டும், வரச் சொல்லி எழுதட்டுமா என்று கேட்டேன். நாடாவைக் கீழே வைத்தாள். பிறகு அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அந்தப் பொண்ணு எங்க இருக்குதுன்னு தேடச் சொல்லு. அது கெடைக்காம அவன் பாட்டுக்குக் கிளம்பி வந்துடக் கூடாது. ஆனா சீக்கிரம் தேடச் சொல்லு. என்னால முடியல, சீக்கிரம் தேடச் சொல்லு."

அப்பா.